சுண்ணாம்புக்கு அடியில் லண்டன்

லண்டனிலிருந்து திரும்பி வந்த மனுஷன் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

“செவுரு எங்க, பாக்கியம்?”

எட்டு மாதம் கழித்து வந்திருக்கிறார். நான் இளைத்துவிட்டேனா, காய்ச்சலில் கிடந்தேனா, உயிரோடுதான் இருந்தேனா என்று ஒரு வார்த்தை இல்லை. அவருக்குப் பின்னால் தோட்டத்து லயமே திரண்டு நிற்கிறது. பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் வாளியைக்கூட வீட்டில் வைக்காமல் ஓடி வந்திருந்தார்கள். ரப்பர் பால் காய்ந்த கைகளோடு ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு நின்றார்கள்.

“செவுரு இருந்த எடத்துலதான் இருக்கு. கண்ண சீமையிலயே வச்சிட்டு வந்துட்டீங்களா?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்த சுவரையே பார்த்தார். கையிலிருந்த தகரப்பெட்டி மெல்லத் தரைக்கு இறங்கியது. பிறகு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

இந்தத் தொடரைப் படிக்கும் குளுவாங் வாசகி ஒருவர், “உங்கள் வீட்டுக்காரர் சீமைக்குப் போனவராமே, அவர் லண்டனைச் சுற்றிப் பார்த்ததை எழுதக் கூடாதா?” என்று கடிதம் போட்டிருக்கிறார். எழுதலாம் அம்மா, தாராளமாக எழுதலாம். ஆனால் அவர் லண்டனைச் சுற்றிப் பார்த்ததெல்லாம் அங்கே போவதற்கு முன்னால். ஒரு காசு செலவில்லாமல் பார்த்தார். போனது என் உயிர்தான்.

பொத்தலை அடைத்த அரண்மனை

முதல் உலகச் சண்டை முடிந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். எங்கள் தோட்டம் ஜொகூரில், பாலோ ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் அரை நாள் உள்ளே. நான் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தேன். அவர் துரை பங்களாவில் சமையல். அவர் பெயரை இத்தனை வாரமாக எழுதாமலே சமாளித்துவிட்டேன், இந்த வாரமும் அப்படியே இருக்கட்டும். வாயால் சொல்லாத பெயரை எழுதுவதற்கும் கை வரவில்லை.

லயம் என்கிற வரிசை வீட்டில் எங்களுக்கு ஒரே அறை. அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் பலகைச் சுவர். பச்சை மரத்தில் அடித்த பலகை காயக் காயச் சுருங்கி, நடுவில் கை நுழையும் அளவுக்குப் பிளந்துவிட்டது. அந்தப் பக்கம் அஞ்சலை. அவள் அடுப்புப் புகை முழுவதும் என் வீட்டுக்குத்தான் வரும். புகை இல்லாத நேரத்தில் அஞ்சலையின் கண் வரும். என் வீட்டில் என்ன குழம்பு என்று என் புருஷனுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் காலத்தில் லயத்துச் சுவர்களில் பழைய பேப்பர் ஒட்டுவது வழக்கம். மற்றவர்கள் பாலோவில் மரைக்காயர் கடையில் சாமான் கட்டிக் கொடுத்த தாளைப் பிரித்து ஒட்டுவார்கள். தமிழ், மலாய், சீனம் எல்லாம் கலந்து, கருவாட்டு வாடையோடு இருக்கும். எங்கள் வீட்டில் மட்டும் சீமைப் படத்தாள். துரை பார்த்துவிட்டு எறிவதை இவர் பொறுக்கி, மடிப்புக் கலையாமல் கட்டிக் கொண்டுவருவார். வழவழப்பான கெட்டித் தாள்.

அவர் கட்டிக் கட்டிப் பரண்மேல் சேர்த்துக்கொண்டே போனார். கரப்பான் குடும்பத்தோடு அதில் குடியேறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பங்களாவில் விருந்து என்று அவர் போயிருந்த நேரத்தில், மரவள்ளி மாவைக் கூழாகக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து, அத்தனையையும் ஒட்டிவிட்டேன்.

எந்தப் படம் எங்கே என்பது முழுக்க என் தீர்மானம். பெரிய பிளவுக்கு அரண்மனைப் படம். தாள் கெட்டி, அஞ்சலையின் கண்ணைத் தாங்கும். அதற்கு வலது பக்கம் சட்டி வைக்கும் தட்டு வரைக்கும் நீளமான இடம். அங்கே இரண்டு பக்கத் தாளில் ஒரு பாலம் இருந்தது, அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது. விளக்குப் புகை படிந்த இடத்தில் மணிக்கூண்டு. கீழே எலி ஓட்டைக்கு இரண்டு கல் சிங்கம். நான் அன்று அடைத்தது பொத்தல். ஊர் கட்டவில்லை.

சாயங்காலம் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். திட்டப்போகிறார் என்று அகப்பையைக் கையில் எடுத்துக்கொண்டேன். “லண்டன் பூராவும் ஒரே செவுத்துல கொண்டாந்துட்டியே புள்ள” என்றார். அந்தப் பாராட்டுக்கு அன்றைக்குக் குளிர்ந்துபோனேன். எனக்கு நன்றாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

மறுநாளே துரைசாணியிடம் ஒவ்வொரு படத்தையும் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தார். அரண்மனை ராஜா இருக்கும் இடம். மணிக்கூண்டின் சத்தம் ஊர் முழுவதும் கேட்கும். பாலம், கப்பல் வந்தால் நடுவில் பிரிந்து இரண்டு கையையும் மேலே தூக்குமாம்.

அந்த வார ஞாயிறு லயத்திலிருந்து நான்கு பேரைக் கூட்டிவந்தார். அடுத்த வாரம் பத்துப் பேர். பிறகு கணக்கே இல்லை.

“வாங்க, வாங்க. காசில்லாம லண்டன் பாக்கலாம். செருப்ப வெளியில போடுங்க.”

கையில் ஒரு குச்சி. தோளில் துண்டு. சுவருக்கு முன்னால் நடந்தபடியே பேசுவார்.

“இப்ப நாம அரண்மனை வாசல்ல நிக்கிறோம். சத்தம் போடாதீங்க, ராஜா தூங்குறாரு. இப்படியே வலது கைப்பக்கம் திரும்புங்க. திரும்பினா? பாலம்! பாலத்தத் தாண்டினா மணிக்கூண்டு. காலு வலிக்கிறவங்க இந்தச் சிங்கத்துக்கிட்ட கொஞ்சம் குந்திக்கலாம்.”

சனம் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். சிலர் நிஜமாகவே சிங்கத்தண்டை குந்திக்கொள்வார்கள்.

வாரத்தில் ஆறு நாள் இருட்டோடு எழுந்து, ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு மரத்தைச் சுற்றுகிறவள் நான். துணி துவைக்க, தலை முழுக எனக்கு ஞாயிறு ஒன்றுதான். அன்றைக்குப் பார்த்து வீடு நிறைய ஆள். லண்டன் பார்த்த களைப்புக்கு எல்லோருக்கும் தேத்தண்ணி வேண்டும். ஒரு வாரத்துச் சீனி ஒரே மத்தியானத்தில் போய்விடும். வெற்றிலைச் சாற்றை வாசலில் துப்பிவிட்டு, “நல்ல ஊருதான் பாக்கியம்” என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போவார்கள். யாரும் ஒரு குவளையைக் கழுவி வைத்ததில்லை.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். பாலத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

“இரும்புப் பாலம் எப்படிங்க கையத் தூக்கும்? அது ஒடஞ்ச பாலம். ஒடஞ்சதப் படம் புடிச்சுப் போட்டிருக்கான்.”

“துரைசாணி சொன்னாங்க.”

“துரைசாணி பாத்தாங்களா?”

“பாக்காமலா சொல்லுவாங்க?”

“அப்ப மேல போறவனெல்லாம் ஆத்துல விழ மாட்டானா?”

இப்படியே இரண்டு வருஷம். இன்றைய பிள்ளைகளுக்கு இது சிரிப்பாக இருக்கும். பின்னால் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் கடற்பாலம் போட்டபோது, அதிலேயே படகு போவதற்கு ஒரு துண்டு மேலே தூக்குகிற மாதிரி வைத்தார்கள். ஆனால் நான் சொல்வது அதற்கு முந்திய காலம். அன்று எனக்குத் தெரிந்த பாலம், எங்கள் தோட்டத்து ஓடையின் குறுக்கே கிடந்த தென்னை மரம். மழைக்காலத்தில் அதில் பால் வாளியோடு நடந்து பார்த்தவளிடம் வந்து பாலம் எழுந்து நிற்கும் என்று சொன்னால் கோபம் வராதா?

ஒருநாள் சண்டை முற்றி, நான் சோறு போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் பாலத்துக்கு எதிரே பட்டினியாகவே படுத்தார். நடுவில் அஞ்சலை அந்தப் பக்கத்திலிருந்து, “தொறந்தா தொறந்துட்டுப் போவுது, அந்த மனுசனுக்குச் சோத்தப் போடு பாக்கியம்!” என்று கத்தினாள். அரண்மனை அவள் கண்ணைத்தான் தடுத்தது, காதை இல்லை.

மிளகுத்தண்ணி செய்த வேலை

துரைசாணிக்கு வயிறு சரியில்லை. எதைச் சாப்பிட்டாலும் ஒத்துக்கொள்ளாது. இவர் வைக்கும் மிளகுத்தண்ணி மட்டும் நிற்கும். துரை நீண்ட லீவில் ஊருக்குப் புறப்பட்டபோது, இவரையும் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவாயிற்று.

தோட்டமே கொண்டாடியது. என்னிடம் மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பாலோ ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது ஆளுக்கொரு சாமான் கேட்டார்கள். நான் கேட்டது ஒன்றுதான்.

“எனக்கு ஒண்ணும் வேணாங்க. அந்தப் பாலத்த மட்டும் கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுங்க. தொறந்துச்சின்னா நான் ஒத்துக்கறேன்.”

“தொறக்கறப்ப அதுக்குக் கிட்டவே நின்னு பாப்பேன். கொஞ்ச நேரமாச்சும் அதும்மேல நிப்பேன். அது போதும் எனக்கு” என்றார். இந்த மனுஷன் சுவரில் விளையாடவில்லை, நிஜமாகவே அதில் போய் நிற்க ஆசைப்பட்டிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கங்காணி கொண்டுவந்த வாளி

போன மனுஷனிடமிருந்து கடிதம் இல்லை. அவருக்கு எழுதத் தெரியாது. எழுதித்தர அங்கே தமிழ் ஆள் ஏது?

ஆறாவது மாதமோ ஏழாவது மாதமோ, தோட்டத்தைப் பார்வையிட ஆள் வருகிறது, லயம் முழுவதும் சுண்ணாம்பு அடிக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. கங்காணி சுண்ணாம்பு வாளியும் பூசும் மட்டையுமாக வந்து, என் வாசலில் மட்டும் தயங்கினார்.

“படமெல்லாம் இருக்கே, என்னம்மா செய்யலாம்?”

நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “அவருதான் நெசத்தயே பாத்துக்கிட்டு இருக்காரே, காயிதம் இனிமே எதுக்கு? மட்டையக் கொடுங்க” என்று வாங்கி நானே அடித்தேன். அரண்மனை, பாலம், சிங்கம், எல்லாவற்றின் மேலும் இரண்டு பூச்சு. அறை வெளிச்சமாயிற்று. இனி ஞாயிற்றுக்கிழமை என் துணி, என் தலைமுழுக்கு என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து எழுத மாட்டேன்.

ஜன்னலில் தெரிந்த ஊர்

இனி அவர் தகரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வருகிறேன்.

“சொல்லுங்கண்ணே, பாலம் தொறந்துச்சா?” என்றாள் அஞ்சலை, எல்லோருக்கும் முன்னால் முண்டிக்கொண்டு.

“களைப்பா இருக்கும்மா. ஞாயித்துக்கெழம வாங்க, எல்லாம் சொல்றேன்” என்று அனுப்பிவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் சோறு போட்டேன். பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

“நான் ஒண்ணுமே பாக்கல, பாக்கியம்.”

துரையின் தாயார் வீட்டில் சமையலறை பூமிக்குக் கீழே இருந்ததாம். ஒரே ஒரு ஜன்னல், அதுவும் தலைக்கு மேலே, தெரு மட்டத்தில். அதில் தெரிந்ததெல்லாம் போகிற வருகிறவர்களின் கால்கள்.

“சப்பாத்து, சப்பாத்தா பாத்தேன். காலையில கறுப்பு, மத்தியானம் பொம்பளைங்க போடற குதிகால் சப்பாத்து, மழன்னா சேறு. மூஞ்சியே பாக்கல.”

“ஒருநாளுகூடவா வெளிய விடல?”

“கடைசியில ஒருநா விட்டாங்க. அரை நாளு.”

துரை அப்போது நல்ல வார்த்தைதான் சொல்லியிருக்கிறார். லண்டன் பார்க்கக் காசே வேண்டாம், அரண்மனை, ஆறு, பாலம் எல்லாம் வெளியில் நின்றே பார்க்கலாம், நடந்து போய்ப் பார் என்று. விலாசம் எழுதிய காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அரண்மனைக்கு மட்டும் வழி கேட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார். பக்கத்தில்தானாம்.

“போய் நின்னேன் பாக்கியம். அப்படியே நம்ம அரண்மனை! அதே தூணு, அதே இரும்புக் கதவு. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு. நம்ம வீட்டுக்கே வந்துட்ட மாதிரி இருந்துச்சு. இனி யாரையும் வழி கேக்க வேணாம்னு நெனச்சேன்.”

“அப்புறம்?”

“வலது கைப்பக்கம் திரும்பினேன்.”

நான் குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டேன்.

“திரும்பினா பாலம் வரல. மரம் வந்துச்சு. சரி, மரத்தத் தாண்டினா இருக்கும்னு நடந்தேன். மறுபடியும் மரம். எல்லாம் மொட்ட மரம், நம்ம ரப்பரு எலை கொட்டற மாசம் மாதிரி. நடந்தேன், நடந்தேன். மழ புடிச்சுக்கிச்சு. யாரக் கேக்கறது? எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசெல்லாம் சூப்பும் கட்லெட்டும். கடைசியில ஒரு போலீஸ்காரன் காயிதத்தப் பாத்துக் கொண்டாந்து உட்டான். ராச்சாப்பாடு நேரமாயிட்டுன்னு துரை சத்தம். அடுத்த நாளு பெட்டி கட்டியாச்சு.”

பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்த மனுஷன் கப்பல் ஏறிப் போய், கிடைத்த அரை நாளையும் மரம் பார்த்துக் கழித்துவிட்டு வந்திருக்கிறார்! தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சிரிப்பும் வந்தது. சிரிக்க வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

“எங்க தப்பினேன்னுதான் தெரியல” என்றார். “கப்பல்ல வர்றப்ப பூரா அதே யோசன. வீட்டுக்குப் போன உடனே செவுத்தப் பாத்துப்புடணும், எங்கியோ ஒரு திருப்பத்த மறந்துட்டேன்னு நெனச்சேன். வந்து பாத்தா செவுரே இல்ல.”

இதற்கு மேலும் மறைத்தால் நான் மனுஷி இல்லை.

“நீங்க தப்பலீங்க. நான்தான் அங்க ஒட்டினேன். தட்டு வரைக்கும் எடம் நீளமா இருந்துச்சு, பாலம் சரியாப் பொருந்திச்சு. அதான் ஒட்டினேன். அரண்மனைக்கு வலது பக்கம் என்ன இருக்குன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?”

திட்டினால் தேவலை என்று காத்திருந்தேன். எச்சில் கை காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தவர் கடைசியில் தலையைத் தூக்கி, “அப்ப அது எங்கதான் இருக்கு?” என்றார்.

என்னிடம் கேட்கிறார்! லண்டனுக்குப் போய்வந்தது அவரா, நானா? எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். போன இடத்தில் அழுதேன்.

மறுபடியும் ஞாயிறு

சனிக்கிழமை அவர் பங்களாவுக்குப் போனதும், ஈரச் சாக்கை எடுத்துச் சுண்ணாம்பைத் தேய்க்க உட்கார்ந்தேன். அரண்மனை தாளோடு உரிந்து வந்துவிட்டது. பழைய பிளவு திறந்தது, அஞ்சலையின் புகையும் வந்தது. சிங்கங்கள் கூழாகிவிட்டன. பாலத்தில் பாதி மட்டும், தூக்கிய கை ஒன்றோடு, வெள்ளைத் திட்டுகளுக்கு நடுவில் பிழைத்தது.

ஞாயிறு லயமே வந்து குந்திவிட்டது. அவர் துண்டைப் போட்டுக்கொண்டு குச்சியோடு சுவருக்கு முன்னால் நின்றார்.

“என்னாண்ணே, பேச்சையே காணோம்?” என்றாள் அஞ்சலை. “பாலம் தொறந்துச்சா இல்லியா? ரெண்டு வருசம் எங்க தூக்கத்தக் கெடுத்தீங்களே லா!”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

“தொறந்துச்சு” என்றேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் தேத்தண்ணிப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

“வந்த அன்னிக்கே எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு. கப்பலு வந்துச்சாம், ரெண்டு கையும் மேல போச்சாம். நான்தான் தோத்துட்டேன். பொண்டாட்டி தோத்துட்டான்னு சபையில சொல்ல வேணாமேன்னு மனுசன் வாயத் தொறக்காம நிக்கிறாரு.”

“நெசமாவா?” என்றாள் அஞ்சலை, என்னைப் பார்த்து. இத்தனை நாள் சண்டையைப் பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டவள் அவள். அவளை ஏமாற்றுவது லேசு இல்லை.

“பொய் சொல்ல எனக்கென்ன? தோத்தவ நானு” என்றேன்.

அது எடுபட்டது. ஒருவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றைக்கும் சீனி தீர்ந்தது. அன்றைக்கும் யாரும் குவளை கழுவவில்லை.

எல்லோரும் போன பிறகு பார்த்தால், குழாயடியில் அவர் குந்தி உட்கார்ந்து குவளைகளை ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டுக் குவளையை அவர் கழுவி நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் போய் நின்றேன். நிமிராமல் கேட்டார்.

“பாக்கியம், அது நெசமாவே தொறக்குமா?”

“தொறக்கும்ங்க” என்றேன். கழுவிய குவளையை என்னிடம் நீட்டினார், நான் வாங்கித் துடைத்தேன்.